வியாபாரியும் இல்லை, கூவியரும் இல்லை

விக்டோரியா காலத்து இங்கிலாந்தைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் 'கன்ஃபெக்‌ஷனர்' என்பவர் 'மிட்டாய் வியாபாரி' ஆகிவிடுகிறார். வாங்கி விற்பவர்தானே வியாபாரி? இவர் அடுப்படியில் நின்று பாகு காய்ச்சியவர்.

அந்தச் சொல்லின் மூலம் லத்தீன், பல பொருள்களைச் சேர்த்துச் செய்வது என்று பொருள். மருந்துச் சரக்கைச் சர்க்கரையில் குழைத்தெடுத்ததற்கும் 'கன்ஃபெக்‌ஷன்' என்றுதான் பெயர். நம் லேகியம் மாதிரி. யார்க் நகரத்து ஜோசப் டெர்ரி அப்படி மருந்து கலக்கும் தொழில் பழகியவர்தான். 1823இல் ஹேரியட் அட்கின்சனைக் கல்யாணம் செய்து, மனைவி வழி உறவான ராபர்ட் பெர்ரியின் மிட்டாய்த் தொழிலில் சேர்ந்தார். இருமல் மிட்டாய், சர்க்கரையில் ஊறவைத்த பழத்தோல் என்று சரக்கு போட்டார்கள். மருந்து உருட்டிய கைக்கு இதென்ன புதுசா? மகன் ஜோசப் 1860களில் ஊஸ் ஆற்றங்கரையில் ஆலை வைத்து, 1887இல் 'சர்' பட்டமும் வாங்கினார். அவரும் நம்மவர்களுக்கு வியாபாரிதான். இருமல் மிட்டாயைக் குறிக்கும் 'லாஸெஞ்ச்' என்பதை அகராதி பார்த்து 'சாய்சதுரம்' ஆக்கியவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது!

அப்புறம் தனித்தமிழ் நண்பர் ஒருவர், அப்பம் சுட்டு விற்பவருக்கான சங்ககாலச் சொல்லான 'கூவியர்' என்று போடலாமே என்கிறார். அழகான சொல், மறுக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் கூவியர் பாகொடு பிடித்த அப்பம் வருகிறது. மதுரைக்காஞ்சியில் அடையும் மோதகமும் விற்ற கூவியர் இரவில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். ஆனால் இவர்கள் கையில் இருப்பது மாவு. பாகு அதற்குத் துணை. டெர்ரி கையில் சர்க்கரையேதான் பண்டம். மாவு வேலைக்கு அந்த ஊரில் பேக்கர் தனியாக இருந்தார். அதோடு, இன்று 'கூவியர்' என்று எழுதினால் தெருவில் கூவி விற்பவர் என்றுதான் படிப்பார்கள். சுற்றி வளைத்து மறுபடி வியாபாரியிடமே வந்து நிற்போம்.

மிட்டாய் வடக்கிலிருந்து வந்த சொல் என்பது நண்பரின் அடுத்த குறை. சர்க்கரை மட்டும் எங்கிருந்து வந்ததாம்? கற்கண்டில் உள்ள 'கண்டு'ம் 'கண்டம்' என்ற வடசொல்லிலிருந்து வந்ததுதான். அந்தக் 'கண்ட'மே பாரசீகம், அரபு வழியாகப் போய் ஆங்கிலத்தில் 'கேண்டி' ஆனது. மிட்டாயை மட்டும் வாசலில் நிறுத்திவைத்து 'இன்பண்ட வினைஞர்' என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

அப்பாவை 'மிட்டாய் செய்பவர்' என்றும் மகனை 'மிட்டாய் ஆலை முதலாளி' என்றும் எழுதிவிட்டுப் போகலாம்.