வாளித் தண்ணீரில் எப்சம் உப்பு

சென்னையில் போர் தண்ணீரை நம்பியிருக்கும் அடுக்ககங்களில் முடி உதிர்வைப் பற்றியோ சரும வறட்சியைப் பற்றியோ பேச்செடுத்தால், பழி பெரும்பாலும் தண்ணீரின் கடினத்தன்மை மேல்தான் விழும். அதே வீடுகளின் குளியலறை அலமாரியில் அழகுப் பராமரிப்புக்கென வாங்கிய எப்சம் உப்புப் பொட்டலமும் இருப்பதுதான் வேடிக்கை. நீருக்கு நிரந்தரக் கடினத்தன்மை தருபவை கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் சல்பேட்டுகளும் குளோரைடுகளும் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அந்த மெக்னீசியம் சல்பேட்டேதான் எப்சம் உப்பு.

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள எப்சம் என்ற ஊரின் கசப்பு ஊற்றிலிருந்து இதற்குப் பெயர் வந்தது. 1695-இல் நெகேமையா குரூ என்ற மருத்துவர் இதைப் பேதி மருந்தாக விளக்கி நூல் எழுதினார். நம் ஊரிலும் பழைய தலைமுறையினர் இதைப் பேதி உப்பு என்றே அறிவார்கள். இதன் படிகத்தில் ஒவ்வொரு மெக்னீசியம் சல்பேட் அலகுடனும் ஏழு நீர் மூலக்கூறுகள் பிணைந்திருப்பதால், எடையில் பாதிக்குச் சற்றே மேல் வெறும் நீர்தான். மெக்னீசியத்தின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்று.

பத்து லிட்டர் வெந்நீரில் 100 கிராம் எப்சம் உப்பைக் கரைத்துக் கால்களை ஊறவைப்பதாகக் கொள்வோம். அந்த நீரின் கடினத்தன்மையை, வழக்கமாகக் கணக்கிடும் முறையில் கால்சியம் கார்பனேட் அளவாக மாற்றினால், லிட்டருக்குச் சுமார் 4,000 மில்லிகிராம் வருகிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்கும் அளவு 200 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாத இடங்களில்கூட 600-தான் உச்சம். நாம் குறைசொல்லும் போர் தண்ணீரைவிடப் பல மடங்கு கடினமான நீரை நாமே தயாரித்து அதில் கால் நனைக்கிறோம் என்பதே இதன் பொருள். குறுகிய நேரத்துக்கு அதனால் பெரிய கேடு ஏதும் இல்லை. ஆனால் அந்த நீரில் சோப்பைக் கலக்கக் கூடாது. சோப்பில் உள்ள கொழுப்பு அமிலங்களோடு மெக்னீசியம் சேர்ந்து நீரில் கரையாத வெண்ணிறப் படிவாகி, நுரையைக் கொன்று, தோலிலும் தொட்டியிலும் ஒட்டிக்கொள்ளும்.

மெக்னீசியம் தோலின் வழியே உடலுக்குள் ஊறிச்சென்று தசைகளைத் தளர்த்தும் என்பது இந்த உப்பைப் பற்றி அதிகம் சொல்லப்படும் கூற்று. தோலின் மேலடுக்கு, உயிரற்ற தட்டையான செல்கள் கொழுப்புப் பூச்சுக்கிடையே நெருக்கமாக அடுக்கப்பட்ட ஓர் அரண். உடலின் பெரும்பகுதியில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் என்றாலும், மின்னூட்டம் கொண்ட அயனிகளை எளிதில் விடாது. அதிலும் மெக்னீசியம் அயனி ஆறு நீர் மூலக்கூறுகளை இறுக்கமாகத் தன்னைச் சுற்றி வைத்துக்கொள்வதால் உருவில் பெருத்துவிடுகிறது. கொழுப்பு நிறைந்த அந்த இடுக்குகளில் நுழைவது அதற்குக் கடினம். மயிர்க்கால்களின் வழியே சிறிதளவு நுழையலாம் என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 19 பேரை எப்சம் உப்பு நீரில் குளிக்கச்செய்து, பெரும்பாலோரின் இரத்தத்தில் மெக்னீசியம் கூடியதாகச் சொன்ன ஆய்வுதான் விற்பனையாளர்கள் அடிக்கடி காட்டும் சான்று. அது பிற அறிஞர்கள் சரிபார்க்கும் இதழ் எதிலும் வெளியாகவில்லை. மெக்னீசியம் வேண்டுவோர்க்குக் கீரையும் கேழ்வரகும் பாசிப்பயறும் நம்பகமான வழி.

நச்சுக்களை இழுத்து வெளியேற்றும் என்ற கூற்றின் நிலை இதைவிடப் பலவீனமானது. சவ்வூடு பரவலில் நீர், கரைபொருள் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நகரும். மேலே சொன்ன தொட்டி நீரின் கரைபொருள் செறிவு உடல் திரவங்களில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே நீர் தொட்டியிலிருந்து தோலுக்குள்தான் நகரும். குதிகால் தோல் ஊறி உப்பி மென்மையாவதற்குக் காரணம் அதுவே. மருத்துவமனைகளில் ஊசி குத்திய இடத்து வீக்கத்தின்மேல் மெக்னீசியம் சல்பேட்–கிளிசரின் கலவையைத் தடவுவதைப் பலர் பார்த்திருக்கலாம். அது வேறு கதை: அங்கே நீரை ஈர்க்கும் அளவுக்கு உப்பின் செறிவு மிக அதிகம்.

எப்சம் உப்புக் குளியலுக்கான குறிப்புகள் பலவும் குளியல் தொட்டி உள்ள நாடுகளிலிருந்து வந்தவை. ‘இரண்டு கோப்பை உப்பு’ என்பது 150 லிட்டர் பிடிக்கும் தொட்டிக்கான அளவு. அதை அப்படியே 20 லிட்டர் வாளியில் கொட்டினால் செறிவு ஏழெட்டு மடங்காகிவிடும். ஆனால் குவளையால் மொண்டு ஊற்றும்போது நீர் தோலில் தங்குவதோ சில நொடிகள். வாளிக் குளியலுக்கு எப்சம் உப்பு வீண்செலவு என்றே சொல்வேன்.

உரசித் தேய்க்கும் பொருளாக இது நன்றாகவே பயன்படுகிறது. தேங்காய் எண்ணெயில் உப்பு கரையாது. ஆகவே இரண்டையும் குழைத்து முழங்கை, குதிகால் போன்ற தடித்த இடங்களில் தேய்க்கும்போது படிகங்கள் இறந்த செல்களை உரித்தெடுக்கின்றன. ஈரம் பட்டதும் படிகத்தின் முனைகள் கரைந்து மழுங்குவதால், கடினமான கொட்டைத் தூள்களைப்போல் தோலைக் கீறிக்கொண்டே இருப்பதில்லை. முகத்துக்கு இது வேண்டாம். நன்கு சலித்த பயத்தம்மாவு அங்கே மென்மையானது.

கண்டிஷனரோடு உப்பைக் கலந்து தலையில் பூசினால் கூந்தல் அடர்த்தியாகத் தெரியும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. முடியிழைகளின் மேல் தங்கும் உப்பு அவற்றுக்கிடையே உராய்வைக் கூட்டுவதால், இழைகள் படியாமல் விலகி நிற்கின்றன. முடியின் எண்ணிக்கை கூடுவதில்லை. அதே உராய்வுதான் சொரசொரப்பையும் சிக்கையும் தரும். ஏற்கெனவே போர் தண்ணீரில் குளிப்பவர்களின் முடியில் கால்சியமும் மெக்னீசியமும் படிந்திருக்கும் என்பதால், அவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கால் ஊறவைப்பதற்குப் பதினைந்து நிமிடம், கை பொறுக்கும் சூடு போதும். வலி குறைவதாகத் தோன்றினால் அதில் பெரும்பங்கு வெதுவெதுப்புக்கும் ஓய்வுக்கும் உரியது. பின்பு நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் முழுவதும் உலர்வதற்குள் தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவினால் உள்ளே சென்ற நீர் அங்கேயே தங்கும். நீரிழிவு நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் கால்களை ஊறவைக்கக் கூடாது. உணர்வு மங்கிய பாதத்தில் சூடு பட்டுக் கொப்புளம் வந்தாலும் தெரியாது, ஊறிய தோலில் புண் எளிதில் வரும். மாடித்தோட்டத்து ரோஜாவுக்காக உரக்கடையில் வாங்கிய மெக்னீசியம் சல்பேட்டைத் தோலுக்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் தூய்மை செடிக்குப் போதுமானது, அவ்வளவே. மருந்துத் தரம் என்று குறிப்பிட்ட பொட்டலமாக இருந்தாலும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை வாய்வழி உட்கொண்டால் இரத்தத்தில் மெக்னீசியம் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கும்.