திரை விலகும்போது மூளையில் என்ன நடக்கிறது?

ஆவணி வெயிலில் நின்றுவிட்டு யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் போகிறவருக்கு, முதலில் கொஞ்ச நேரம் மூலஸ்தானம் சரியாகத் தெரியாது. விழித்திரை இருட்டுக்குப் பழக வேண்டும். அதில் நிறம் காணும் கூம்புக் கலங்கள் பத்து நிமிடமளவில் தேறிவிடும். மங்கலில் வேலை செய்யும் கோல் கலங்கள் முழுதாகத் தயாராக அரை மணித்தியாலம்கூட ஆகும். அதற்குள் மணி அடித்து, திரை விலகி, தீபம் காட்டத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஒளியில் தெரிவது ஒரு வேல். முகமோ கைகாலோ உள்ள உருவம் அங்கே இல்லை. ஆனாலும் கும்பிட்டுவிட்டு வருகிறவரைக் கேட்டால் முருகனைக் கண்டதாகத்தான் சொல்லுவார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது என்ன?

கண் பிடிப்பது ஒளியை மட்டும். அதிலும் ஏறத்தாழ 400 தொடக்கம் 700 நனோமீற்றர் வரையான அலைநீளங்களை மட்டும். ஒளியை வெளிவிடாத, தெறிக்காத ஒன்றைக் கண் காணாது. ஆனால் காண்கிற வேலை கண்ணோடு முடிவதில்லை. விழித்திரையிலிருந்து வரும் செய்தி, மூளையின் நடுவிலுள்ள தலமசு என்ற சந்தியைக் கடந்துதான் பின்மண்டைக்குப் போகிறது. பார்வைக்கான அந்தச் சந்தியின் நரம்பு இணைப்புகளில் கண்ணிலிருந்து வருபவை பத்தில் ஒரு பங்களவுதான். மிச்சம் மூளையின் மற்றப் பகுதிகளிலிருந்து வருபவை; அவற்றில் கணிசமான பங்கு, மேலே இருக்கும் மூளை மேற்பட்டையிலிருந்து இறங்குவது. இன்னது இருக்கும் என்ற எதிர்பார்ப்பை மூளை முந்திக்கொண்டு அனுப்புகிறது. கண் கொண்டுவரும் செய்தி அதை உறுதிப்படுத்தும், அல்லது திருத்தும்.

அப்படியானால் மனதில் நினைத்ததையும் வெளியே கண்டதையும் மூளை எப்படிப் பிரிக்கிறது? அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மேரி பெர்கி என்ற உளவியலாளர் 1910இல் செய்த பரிசோதனை இதற்கு நல்ல தொடக்கம். பரிசோதனைக்கு வந்தவர்களிடம், வெறும் திரை ஒன்றைப் பார்த்தபடி வாழைப்பழத்தை நினைக்கச் சொன்னார். அவர்கள் அறியாமல் அந்தத் திரையிலேயே மிக மங்கலாக ஒரு வாழைப்பழப் படத்தை விழுத்தினார். வந்தவர்கள் அதைத் தங்கள் கற்பனை என்றே எடுத்துக்கொண்டார்கள். தாங்கள் நினைத்த பழம் ஏன் நிமிர்ந்து நிற்கிறது என்று அதிசயப்பட்டவர்களும் உண்டு. 2023இல் இலண்டன் யூனிவர்சிட்டி கொலிஜில் நடீன் டைக்ஸ்ராவும் ஸ்டீவன் பிளெமிங்கும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். கற்பனையும் காட்சியும் மூளையில் ஒன்றோடொன்று கலக்கின்றன. கலந்த சமிக்ஞை ஒரு குறித்த வலிமையைத் தாண்டினால் மூளை அதை வெளியே உள்ளது என்று கொள்கிறது என்பது அவர்களுடைய முடிவு. கற்பனைச் சமிக்ஞையின் வலிமை பயிற்சியாலும் கூடக்கூடும். மனக்கண்ணில் காட்சியை விரித்து ஜெபிக்கப் பழகியவர்களின் மனக்காட்சி துலக்கமடைவதையும், கடவுள் பக்கத்தில் இருப்பதாக அவர்கள் உணர்வது கூடுவதையும் மானிடவியலாளர் தான்யா லூர்மன் காட்டியிருக்கிறார். சின்ன வயதிலிருந்து கண்ணை மூடி வேலையும் மயிலையும் நினைத்துக் கும்பிட்டவரின் மூளையும் அப்படிப் பழகிய மூளைதான் என்று நினைக்கிறேன்.

உருவம் தெரியாமலே ஒருவர் பக்கத்தில் நிற்பதாக உணர்வது இன்னொரு வகை. கடவுளை உணர்ந்ததாகச் சொல்லும் பலர் சொல்வது இதைத்தான். சுவிற்சர்லாந்தில் ஒலாவ் பிளாங்கேயின் குழு, வலிப்பு நோய்க்குச் சத்திரசிகிச்சை செய்யுமுன் 22 வயதுப் பெண் ஒருவரின் மூளையில், இடது பக்கத்தில் பொட்டுமடல், சுவர்மடல் என்ற இரு பகுதிகள் சேரும் இடத்தை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டியது. உடனே தனக்குப் பின்னால் நிழல் போல ஒருவர் இருப்பதாக அவர் சொன்னார். அவர் படுத்தால் நிழலும் படுத்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பின்னால் இருந்து அவரைக் கட்டிப்பிடித்தது. வாசிக்க ஓர் அட்டையைக் கொடுத்தபோது அதைப் பறிக்கப் பார்த்தது. 2006இல் இது வெளியானது. அந்த இடத்தின் அன்றாட வேலை, என் உடல் எங்கே இருக்கிறது, எது நான் என்று கணக்கு வைத்திருப்பது. அந்தக் கணக்குப் பிசகும்போது தன் உடலின் உணர்வே இன்னோர் ஆளாகப் பின்னால் வந்து நிற்கிறது. நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி என்ற ஞானி, பின்னர் தன் சீடரான யோகர் சுவாமியைப் பார்த்து முதலில் கேட்டது "யாரடா நீ?" என்பது. இந்த ஆய்வை வாசித்த பிறகு எனக்கு அந்தக் கேள்வியின் கனம் கூடிவிட்டது.

இதை நோய் என்று ஒதுக்கவும் முடியாது. வேல்ஸில் துணையை இழந்த 293 பேரை டியூவி ரீஸ் என்ற வைத்தியர் கேட்டறிந்து 1971இல் எழுதினார். ஏறக்குறைய அரைவாசிப் பேர் இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்தோ, கண்டோ, குரல் கேட்டோ இருந்தார்கள். பெரும்பாலோர் அதை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. இழப்பில்லாத வீடு அரிதான எங்கள் ஊரில், படலை திறக்கிற சத்தம் கேட்டு எழும்பிப் போய்ப் பார்க்கிற தாய்மாருக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூளையில் கடவுளுக்கென்று தனி இடம் தேடியவர்களும் உண்டு. கனடாவில் மைக்கல் பேர்சிங்கர் மெல்லிய காந்தப்புலம் தரும் தலைக்கவசத்தால் இந்த உணர்வை உண்டாக்கலாம் என்றார். சுவீடனில், புலம் எப்போது ஓடுகிறது என்று ஆய்வு செய்தவர்களுக்கும் கவசம் அணிந்தவர்களுக்கும் தெரியாமல் செய்து பார்த்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், புலத்தால் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மொன்றியலில் 15 கார்மேல் சபைக் கன்னியாஸ்திரிகளை ஸ்கான் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றல்ல, பல பகுதிகள் சேர்ந்து இயங்கின. அந்தக் கன்னியாஸ்திரிகள் ஆய்வாளரிடம் முதலிலேயே ஒன்று சொல்லிவிட்டார்கள்: கடவுளை நினைத்த நேரத்தில் வரவழைக்க முடியாது. ஆகவே தங்கள் வாழ்வின் மிக ஆழமான அனுபவத்தை நினைவுகூரத்தான் அவர்களால் முடிந்தது. ஸ்கானில் பதிவானதும் அந்த நினைவுதான். இந்த வரம்பை மறந்துவிட்டு, கடவுளைப் படம் பிடித்துவிட்டோம் என்று எழுதுவது சரியில்லை.

எல்லாம் மூளையின் வேலை என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுமா? கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பார்க்கும்போதும் மூளை இயங்குகிறது. அதனால் மாம்பழம் இல்லை என்று ஒருவரும் சொல்வதில்லை. அது உண்டென்று நாங்கள் நம்புவது பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுக்கலாம், தராசில் வைக்கலாம், வெட்டித் தின்னலாம் என்பதால். கடவுளுக்கு அப்படிப் பொதுவில் சரிபார்க்க வழியில்லை. அதனால் மூளைப் படத்தை வைத்து உண்டென்றும் நிறுவ முடியாது, இல்லையென்றும் நிறுவ முடியாது. சைவ சித்தாந்தம் பொறிகளுக்கு அந்த வேலையைக் கொடுக்கவே இல்லை. ஊனக்கண்ணால் பதியை, அதாவது இறைவனை, உணர முடியாது என்பது பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சொன்னது. ஆய்வுகூடக் கருவிகள் நீட்டிக்கொடுப்பதும் அந்தக் கண்ணைத்தான்.

இதில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். திருவிழாவில் உரு வந்து ஆடுகிறவரும், பூசை வேளையில் முருகன் அருகில் நிற்பதாக உணர்கிறவரும் பெரும்பாலும் வீட்டுக்குப் போய்ச் சோறு சமைத்து, அடுத்த நாள் வேலைக்குப் போகிறவர்கள். குரல் நாள்முழுக்கத் திட்டினால், தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னால், நித்திரையும் சாப்பாடும் கெட்டால் அது வேறு. அவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறவர்கள் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் அதே கிழமைக்குள் கூட்டிப் போக வேண்டும்.