திறக்க மறுக்கும் சிலிண்டர்: பழைய ரிவால்வரில் மரை கழன்றால் என்ன ஆகும்?

பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரில் கட்டைவிரலால் தாழை முன்னே தள்ளினால் தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டர் இடப்பக்கமாகச் சாய்ந்து வெளியே வர வேண்டும். சில துப்பாக்கிகளில் தாழ் பாதி தூரம் போய் நின்றுவிடும், சிலிண்டர் அசையாது. பலர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். உள்ளங்கையால் சிலிண்டரைத் தட்டுவார்கள், திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்புவார்கள். ஒரு நிமிடத்தில் சரியாகியிருக்க வேண்டிய கோளாறு அதோடு பெரிய செலவில் போய் முடியும். பெரும்பாலும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: காலிக் கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் தண்டின் மரை கழன்றிருக்கும்.

இங்கே எடுத்துக்கொள்வது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் மிலிட்டரி அண்ட் போலீஸ் ரகம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் 1899-இல் தொடங்கி, 1957-இல் மாடல் 10 என்ற எண் பெற்று, பல பத்தாண்டுகள் தொடர்ந்து தயாரான ஆறு தோட்டா ரிவால்வர் அது. ஒரே அமைப்பு இவ்வளவு காலம் நீடித்ததால் அதன் நோய்களும் நன்றாகத் தெரிந்தவை.

முதலில் சிலிண்டர் எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். சிலிண்டரின் நடுவே குழாய் போன்ற எஜெக்டர் தண்டு இருக்கிறது. அதன் பின்முனை, சுட்ட தோட்டாக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டில் மரை போட்டுத் திருகப்பட்டிருக்கும். அந்தக் குழாய்க்குள் மெல்லிய நடு ஊசி ஒன்று ஓடுகிறது. பின்னால் அந்த ஊசியின் முனை துப்பாக்கியின் உடற்சட்டத்தில் உள்ள துளைக்குள் நுழைந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்கிறது. முன்னால், குழலின் அடியில் உள்ள சிறு முட்டில் ஸ்பிரிங் வைத்த முன்தாழ் ஒன்று இருக்கிறது. அது எஜெக்டர் தண்டின் வாய்க்குள் நுழைந்து அந்தப் பக்கத்தைப் பிடிக்கிறது. இந்த முன்தாழ் 1899 மாடலில் கிடையாது, 1902-இல்தான் சேர்ந்தது.

கட்டைவிரல் தாழைத் தள்ளும்போது நடு ஊசி முன்னே நகர்கிறது. பின்முனை சட்டத்தின் துளையிலிருந்து விடுபடுகிறது. அதே நேரத்தில் முன்முனை முன்தாழைத் தண்டின் வாயிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் விடுபட்டால்தான் சிலிண்டர் திறக்கும். ஊசியின் நீளமும் தண்டின் நீளமும் அந்த அளவுக்கு ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். தண்டு கழன்று ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக முன்னே வந்துவிட்டாலே, ஊசி எவ்வளவு தள்ளினாலும் முன்தாழ் தண்டின் வாய்க்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும்.

தண்டு ஏன் தானாகக் கழல வேண்டும்? இந்தத் துப்பாக்கியின் சிலிண்டர், சுடுபவர் பக்கமிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. தண்டும் கூடவே சுற்றுகிறது, ஆனால் அதன் முன்முனையை முன்தாழ் உரசிக்கொண்டே இருக்கிறது. உரசல் தண்டைக் கொஞ்சம் பின்தங்க வைக்கிறது. பழைய தண்டுகளில் இருந்தது சாதாரண வலது மரை. அந்த மரைக்கு இந்தப் பின்தங்கல் கழலும் திசையாக அமைந்துவிட்டது. ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் இம்மியளவு கழற்றும் முறுக்கு. சுடும்போது ஏற்படும் அதிர்வும் சேர்ந்தால் என்றாவது ஒரு நாள் இளகிவிடும்.

வீட்டு டேபிள் ஃபேனின் இறக்கையைக் கழற்றியவர்களுக்கு இது புதிதல்ல. நடுவில் இருக்கும் மூடியை வழக்கமான திசைக்கு எதிராகத் திருப்பினால்தான் கழலும், ஏனென்றால் அது இடது மரை. ஃபேன் சுற்றத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த மூடி இறுக வேண்டும், இளகக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் அந்த முடிவுக்கே வந்தது. 1961 வாக்கில் எஜெக்டர் தண்டின் மரையை இடது மரையாக மாற்றியது. அதன் பிறகு அதே உரசல் தண்டை இறுக்கத் தொடங்கியது. அறுபது ஆண்டு காலம் வலது மரையோடு வெளிவந்த துப்பாக்கிகள் மட்டும் இன்றும் அந்தக் கோளாறைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

இனி செய்முறை. சிலிண்டர் திறக்காத துப்பாக்கியில் தோட்டா இருக்கிறது என்றே எண்ண வேண்டும். குழல் வாய் பாதுகாப்பான திசையை நோக்கியே இருக்கட்டும், விசைக்குள் விரல் போகக் கூடாது, குழலின் முன்னால் கையை நீட்டவும் கூடாது. இந்த ரகத்தில் எஜெக்டர் தண்டு குழலுக்கு அடியில் மூடாக்கு இல்லாமல் வெளியே தெரியும், அது ஒரு வசதி. பக்கவாட்டிலிருந்து இரு விரல்களால் தண்டின் சொரசொரப்பான நுனியைப் பிடித்து, தாழைத் தள்ளியபடியே, இறுகும் திசையில் திருப்ப வேண்டும். 1961-க்கு முந்தைய துப்பாக்கிக்கு அது சிலிண்டர் சுற்றும் அதே திசை, அதாவது பின்னாலிருந்து பார்த்தால் கடிகார எதிர்த்திசை. பிந்தையவற்றுக்கு நேர்மாறு. கழன்ற தண்டு என்றால் விரலுக்கே அசையும். கால் சுற்று, அரைச் சுற்று இறுகியதும் சிலிண்டர் சட்டென்று திறந்துகொள்ளும்.

திறந்ததும் தோட்டாக்களை எல்லாம் எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. விரலால் இறுக்கியது தற்காலிகம். முறையாக இறுக்க, சிலிண்டரின் அறைகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று வெற்றுக் கூடுகளைப் போட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நட்சத்திரத் தகடு திரும்பாமல் இருக்கப் பழைய மாடல்களில் இரண்டு சின்ன ஊசிகள்தான் உண்டு. கூடுகள் இல்லாமல் தண்டைத் திருகினால் முழு முறுக்கும் அந்த ஊசிகள் மேல் விழுந்து, அவை வளையும் அல்லது முறியும். கூடுகள் இருந்தால் தகட்டின் கைகள் அவற்றின் மேல் சாய்ந்து தாங்கிக்கொள்ளும். தண்டை வெறும் குறட்டால் பிடிக்கவே கூடாது. அது உள்ளே ஓட்டை கொண்ட குழாய், நசுங்கினால் நடு ஊசி மாட்டிக்கொள்ளும். தோல் துண்டைச் சுற்றி டிரில் மெஷினில் துளையிடும் முனையைக் கவ்வும் சக்கில் அளவாகப் பிடித்து, கையால் சிலிண்டரைத் திருப்பி இறுக்குவதே நல்லது. மரையில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, கழற்றக்கூடிய வகை மரைப் பசையில் ஒரு சிறு துளி வைத்தால் போதும். பசை குழாய்க்குள் இறங்கி நடு ஊசியை ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்டு இறுக்கமாகவே இருக்கிறது, ஆனாலும் சிலிண்டர் முரண்டு பிடிக்கிறது என்றால்? விசையின் இழுவை எங்கே கனக்கிறது என்று கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு சுற்றில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கனத்தால் தண்டு வளைந்திருக்கலாம். சிலிண்டரைத் திறந்து வைத்து மெல்லச் சுழற்றி, தண்டின் நுனியை ஒரு நிலையான பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நுனி வட்டமிடுவது கண்ணுக்கே தெரியும். சிலிண்டரை மணிக்கட்டை உதறி மூடும் சினிமாப் பழக்கம் இங்கே பெரும் கேடு. சிலிண்டரைத் தாங்கும் யோக் என்ற கீல் கையையும் அது வளைத்துவிடும். பிறகு அறைகள் குழலோடு நேராக நிற்காது.

ஆறு இடத்திலும் ஒரே மாதிரி கனத்தால் முதலில் நட்சத்திரத் தகட்டின் அடியைப் பார்க்க வேண்டும். தண்டை முழுவதும் தள்ளிப் பிடித்தால் தகட்டின் கைகளுக்கு அடியில், அது உட்காரும் பள்ளத்தில், எரியாத வெடிமருந்துத் துகள்கள் ஒட்டியிருக்கும். கறுப்பு மிளகுத் தூள் சிதறியது போல. ஒன்றிரண்டு துகள்தான் என்று அலட்சியப்படுத்துவது தவறு. தகடு அந்தத் துகள் உயரத்துக்குத் தூக்கி நிற்கும். தோட்டாக்களின் விளிம்பும் கூடவே பின்னால் தள்ளப்பட்டு சட்டத்தின் முகத்தில் உரசும். இந்த ரகத்தில் போடும் .38 ஸ்பெஷல் தோட்டா விளிம்பின் தடிமன் அதிகபட்சம் 1.5 மி.மீ.; அதற்கான இடைவெளி 1.5 முதல் 1.9 மி.மீ. வரைதான். துகளுக்கு அங்கே இடம் மிகக் குறைவு. பழைய பல் துலக்கும் பிரஷால் காய்ந்தபடியே துடைத்தால் சரியாகிவிடும். அங்கே எண்ணெய் விட்டால் அடுத்த முறை இன்னும் அதிகத் துகள் ஒட்டும். காலிக் கூடுகளை வெளியேற்றும்போது குழல் வாயை மேலே தூக்கி, தண்டை ஒரே வேகத்தில் தள்ளினால் துகள்கள் தகட்டுக்கு அடியில் போகாமல் கீழே கொட்டிவிடும்.

சுடத் தொடங்கும்போது நன்றாக இருந்து, இருபது முப்பது தோட்டாவுக்குப் பிறகு கனத்தால் சந்தேகம் சிலிண்டரின் முன்முகத்தில். குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் அளக்கலாம். பொதுவாக 0.10 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கும், 0.15 அருமையான அளவு. சிலிண்டரைப் பின்னால் அழுத்திப் பிடித்து ஒரு முறை, முன்னால் தள்ளிப் பிடித்து ஒரு முறை அளந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே முன்பின் ஆட்டம். 0.05 மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஈயமும் கரியும் படிந்த முகம் குழலின் பின்முனையில் தேய்க்கும். யோக் குழாயின் முனைக்கும் சிலிண்டரின் உட்பகுதிக்கும் நடுவே மெல்லிய எஃகு வாஷர் போட்டு ஆட்டத்தைக் குறைப்பார்கள்.

அடுத்ததாக, சிலிண்டர் சரியான இடத்தில் நிற்கிறதா என்பது. காலித் துப்பாக்கியில், ஆறு அறைகளிலும் வெடிமருந்தில்லாத போலித் தோட்டா போட்டு, சிலிண்டரின் பக்கத்தில் ஒரு விரலால் லேசாகத் தடை கொடுத்தபடி, தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியை மிக மெதுவாகப் பின்னால் இழுக்க வேண்டும். சுத்தி முழுவதும் பின்னால் போய் நிற்பதற்குள், சிலிண்டரை நிறுத்தும் பல் அதன் பள்ளத்தில் ‘டக்’கென்று விழுந்திருக்க வேண்டும். விழவில்லை என்றால் அறை குழலுக்கு நேராக வரும் முன்பே தோட்டா வெடிக்கும். குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயச் சீவல் பக்கவாட்டில் தெறிக்கும், அருகில் நிற்பவர் கண்ணுக்கு ஆபத்து. ஆறு அறைகளையும் தனித்தனியாகப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். ஓர் அறையில் மட்டும் பிழை என்றால் நட்சத்திரத் தகட்டின் பின்புறம் உள்ள ஆறு பற்களில் ஒன்று தேய்ந்திருக்கிறது. ஆறிலும் பிழை என்றால் சிலிண்டரைத் தள்ளும் கோல் தேய்ந்திருக்கிறது. சற்றுப் பருமனான கோலை அளவாக அரம் போட்டுப் பொருத்த வேண்டும். போலித் தோட்டா போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. தகட்டின் ஊசிகள் தளர்ந்த பழைய துப்பாக்கியில் அறைகள் காலியாக இருந்தால் தகடு கொஞ்சம் ஆடும், நல்ல துப்பாக்கியும் பழுதானதுபோல் காட்டும்.

தோட்டா வெடிக்காமல் போவது தனிக் கோளாறு. பலமுறை அது கைப்பிடியின் முன்புறம் கீழே இருக்கும் திருகோடு முடிந்துவிடும். அந்தத் திருகு முதன்மை ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிப்பது. விசை இலகுவாக வேண்டும் என்று யாரோ இளக்கியிருப்பார்கள். அதை முழுவதும் இறுக்கியே வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் சுத்தி சோம்பலாக விழுந்தால் பழைய எண்ணெய் உள்ளே காய்ந்து பிசினாகியிருக்கும். கைப்பிடிப் பலகைகளைக் கழற்றிவிட்டு மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானால் கழுவினாலே பெரும்பாலும் போதும்.

உள் பாகங்களை மூடியிருக்கும் பக்கத் தகட்டைத் திறப்பது கடைசி வழி. இந்தியாவில் துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை, ஆகவே அது உரிமம் பெற்றவர் கைக்குப் போக வேண்டிய வேலை. திறப்பவர் திருகுகளை வரிசை மாறாமல் வைக்க வேண்டும். முன்னால் உள்ளது யோக்கைப் பிடிக்கும் திருகு, மாற்றிப் போட்டால் சிலிண்டர் பிடிக்கும். தகட்டை நெம்பக் கூடாது. கைப்பிடிச் சட்டத்தை மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அதிர்விலேயே தகடு எழும்பி வரும்.

அப்போது ஒரு மெல்லிய வளைந்த தகடு நழுவி விழலாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 இறுதியில், கீழே விழுந்த ரிவால்வர் வெடித்து அமெரிக்கக் கடற்படை வீரர் ஒருவர் இறந்த பிறகு புதிதாக வடிவமைத்துச் சேர்த்த பாகம் அது. சுத்திக்கும் சட்டத்துக்கும் நடுவே நின்று, விசையை இழுக்காதவரை சுத்தியின் ஊசி தோட்டாவைத் தொடவிடாமல் தடுக்கிறது. அதை வைக்க மறந்து மூடினாலும் துப்பாக்கி எல்லா விதத்திலும் ஒழுங்காக வேலை செய்யும், அதனால் மறந்தது தெரியவே தெரியாது. எனவே மூடிய பிறகு, காலித் துப்பாக்கியில் விசையை ஒரு முறை இழுத்து விட்டு, சுத்திக்கு முன்னால் உள்ள இடுக்கில் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். விசை முன்னே திரும்பும்போது அந்தத் தகட்டின் நுனி மேலே ஏறி நடுவில் நிற்க வேண்டும். அது தெரியாவிட்டால் பக்கத் தகட்டை மறுபடி திறக்க வேண்டியதுதான்.