நடை சாத்துவதற்குள் இன்னும் ஒரு கோயில்

பள்ளி விடுமுறை நெருங்கினால் என் கிளினிக்கில் இந்தக் கேள்வி வந்துவிடும். "டாக்டர், அப்பா அம்மாவைக் கும்பகோணம் பக்கம் கூட்டிட்டுப் போறோம். ஏதாவது மாத்திரை எழுதித் தாங்க." நான் முதலில் கேட்பது பயணத் திட்டத்தை. செல்போனை நீட்டுவார்கள். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியில் திருநள்ளாறு. நவக்கிரகக் கோயில் ஒன்பதும் ஒரே நாளில்! மறுநாள் தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம்.

முடியாதா என்றால், முடியும். முப்பது வயதில்.

அந்தப் பக்கம் பெரும்பாலான கோயில்களில் மதியம் 12, 12.30 மணிவாக்கில் நடை சாத்தினால் மறுபடி 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் வண்டிக்குள் எல்லோருக்கும் ஒரே பதற்றம்: "சாத்துறதுக்குள்ள இன்னும் ஒண்ணு பார்த்துடலாம்." பதினொன்றே முக்காலுக்குச் செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு, சாப்பாட்டையும் தள்ளிப்போட்டுவிட்டு ஓடுகிற அந்தக் கால்மணி நேரத்தைத்தான் நான் பயப்படுகிற நேரம் என்பேன்.

பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய் உள்ள ஒருவர், சுற்றுலா முடிந்து நான்கு நாள் கழித்து வந்தார். இரண்டு உள்ளங்கால்களிலும் பெருவிரலுக்குக் கீழே ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கொப்புளங்கள். ஒன்று உடைந்து சீழ் வைத்திருந்தது. வெயிலில் பிராகாரம் சுற்றியிருக்கிறார். தரையில் தேங்காய் நார் விரிப்பு போட்டிருந்தார்களாம், கோபுரம் முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுக்க அதை விட்டு இறங்கி நின்றாராம். "சுடவே இல்லையே டாக்டர்" என்றார். சுடவில்லை என்பதுதான் நோய். நாள்பட்ட சர்க்கரையில் பாத நரம்புகள் மரத்துப்போகும். பக்கத்தில் நிற்கிற பேரன் தத்தித் தத்திக் குதிப்பான், தாத்தா அசையாமல் நிற்பார். கொப்புளத்தைக் கண்டுபிடித்ததுகூட அவர் இல்லை. படுக்கை விரிப்பில் ஈரக் கறையைப் பார்த்த மகள்தான்.

கல் தரை சாயங்காலம் 4 மணிக்கும் சூட்டை விடாது. தஞ்சைப் பெரிய கோயிலை ஐந்தரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விடிந்ததும் போய்விடுங்கள். 1010ஆம் ஆண்டில் குடமுழுக்கு கண்ட கோயில், ஒரு மதியத்தில் எங்கும் போய்விடாது. கனமான பருத்தி சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும், வாசலில் கேட்டுக்கொண்டு போட்டுக்கொள்ளலாம். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காலைக் காட்டுங்கள். பற்பசை, மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். அன்றைக்கே அந்த ஊரிலேயே டாக்டரிடம் காட்டுங்கள், வீடு திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது தாழ்சர்க்கரை. "சாமி பார்த்துட்டுத்தான் சாப்பாடு" என்பவர்கள் மாத்திரையை மட்டும் மறக்காமல் காலையிலேயே போட்டுவிடுவார்கள். கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துவிட்டு, சாப்பிடாமல் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றால் சர்க்கரை இறங்கும். வியர்வை, கை நடுக்கம், பேச்சில் குழப்பம். கூட்டத்தில் புழுக்கம் என்று நினைத்து விசிறிக்கொண்டிருப்பார்கள். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுங்கள், கால்மணி கழித்து ஏதாவது சாப்பிடட்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். (வருடம் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் வேண்டாம் என்று திட்டுகிற நானே, அந்த நிமிடத்தில் கொடுங்கள் என்பேன்.)

இன்சுலினை நிறுத்திய காரில் விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகாதீர்கள். மூடிய கார் வெயிலில் அடுப்பாகிவிடும், மருந்து வீரியம் இழந்துவிடும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து உறையவிட்டாலும் அதே கதைதான்.

ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு வேறு சிக்கல். 22 தீர்த்தங்களிலும் நீராடி ஈரத்தோடு நடக்கும்போது வழுக்கும். வயதானவர்கள் விழுந்தால் இடுப்பெலும்பு. ஒரு கை உங்கள் தோளில் இருக்கட்டும், பையை வேறு யாராவது சுமக்கட்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வாந்தி வருகிறவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள், அவ்வளவுதான்.

சரி, திட்டத்தை எப்படிப் போடுவது? ஒன்பது கோயிலை இரண்டு நாளாகப் பிரியுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், பதினொன்றுக்கு மேல் எதையும் எழுதாதீர்கள். மதியத்துக்கு ஒரு அறை எடுத்துவிடுங்கள், மூன்றரைவரை தூங்கட்டும். பட்டியலில் இரண்டு கோயில் குறையும். வீட்டில் முணுமுணுப்பார்கள்.

அந்தக் கொப்புளக்காரருக்குப் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இந்த வருடம் மறுபடி கிளம்பிப் போனார், தாராசுரத்துக்கு. தினம் ராத்திரி லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கால்களையும் செல்போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பியிருக்கிறார். கோபுரம் ஒன்று, கால் இரண்டு என்று போன் முழுக்க அதே வரிசையில் இருக்கிறது.