‘கருணைக்கொலை’ என்ற சொல்லும் அதற்குள் அடைபட்ட மூன்று செயல்களும்

வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில், ஒருவருடைய நோய் கைமீறிவிட்டது என்பதை ‘வேலூருக்கே கொண்டுபோய்ப் பார்த்தாச்சு’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். என் பெரியப்பாவையும் அப்படித்தான் கொண்டுபோனோம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே எங்களை அழைத்த மருத்துவர், வென்டிலேட்டரால் இனிப் பயனில்லை, எடுத்துவிடுவதைப் பற்றி யோசியுங்கள் என்றார். ‘அப்படின்னா கருணைக்கொலைங்களா டாக்டர்?’ என்று பெரியம்மா கேட்டார். அவர் இல்லையென்று பொறுமையாக விளக்கினார். ஆனாலும் அந்தச் சொல்லில் இருந்த ‘கொலை’ பெரியம்மாவின் மனத்தைவிட்டு அகலவில்லை. ‘நாமளே அவரைச் சாகடிச்சிட்டோமா’ என்று பல மாதங்கள் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் துயரத்தில் ஒரு பங்கு வெறும் சொல்லால் வந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

கருணைக்கொலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘யூதனேசியா’ என்பது கிரேக்கச் சொல். ‘எவ்’ என்றால் நல்ல, ‘தானடோஸ்’ என்றால் சாவு. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் வலியின்றி விரைவாக இறந்ததைக் குறிப்பிடும் ரோம வரலாற்றாசிரியர் சுவட்டோனியஸ் இச்சொல்லை ஆள்கிறார். அங்கே கொல்பவர் எவரும் இல்லை. மருத்துவர் மருந்து கொடுத்து உயிரை முடிப்பது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அதன்மேல் ஏறியது. தமிழ் வழக்கோ கிரேக்கச் சொல்லைப் பின்பற்றாமல், ‘மெர்சி கில்லிங்’ என்ற ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்துக்கொண்டது. மூலத்தின் நேர்ப்பொருளை வேண்டினால், ‘நல்ல சாவு’ நம் பேச்சிலேயே இருக்கிறது.

உணவை விட்டு உயிர் நீத்த கோப்பெருஞ்சோழனின் செயலைச் சங்க இலக்கியம் ‘வடக்கிருத்தல்’ என்றது. ஆரணி, வந்தவாசி, போளூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள் போற்றும் மரபில் அதற்குச் ‘சல்லேகனை’ என்று பெயர். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாதிருந்து மறைந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை, அதாவது நினைவிடக் கல்வெட்டு, இன்றும் உள்ளது. இவை எதிலும் மருத்துவருக்கு இடமில்லை. நம் காலத்துக்கு முன்மாதிரியாகவும் இவற்றை நான் காட்டவில்லை. தானே ஏற்ற இறப்பைக் கொலை என்ற சொல் இல்லாமலே பெயரிடத் தமிழ் அறிந்திருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். ‘இறத்தல்’ என்பதற்கே கடந்து செல்லுதல் என்பதுதான் பழம்பொருள். ‘இறந்தகாலம்’ என்னும்போது அந்தப் பொருளையே ஆள்கிறோம்.

இன்றைய வழக்கில் ‘கருணைக்கொலை’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று செயல்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. நோயாளியின் வேண்டுகோளின்பேரில் மருத்துவரே உயிர்போக்கும் ஊசியைப் போடுவது ஒன்று. நெதர்லாந்தில் 2002 முதல் கடும் நிபந்தனைகளுடன் இது சட்டப்படி அனுமதிக்கப்படுகிறது. மருத்துவர் மருந்தை எழுதிக்கொடுக்க, நோயாளி தம் கையாலேயே அதை உட்கொள்வது இன்னொன்று. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல் நடைமுறையில் இருப்பது இதுதான். இவ்விரண்டும் இந்தியாவில் குற்றம். தற்கொலைக்கு உடந்தையாக இருப்பவருக்கு, நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதையின் 108ஆம் பிரிவு பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. மருத்துவருக்கென்று அதில் விலக்கு இல்லை.

மூன்றாவது, மீள வழியில்லாத நோயில் சிகிச்சையைத் தொடங்காமலோ நிறுத்தியோ, நோய் தன் போக்கில் முடிய விடுவது. மும்பையில் 1973இல் தாக்கப்பட்டு, 2015இல் இறக்கும் வரை 42 ஆண்டுகள் சக செவிலியர்களின் பராமரிப்பில் படுத்திருந்த அருணா ஷான்பாக் வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம் இதற்கு முதலில் வழி திறந்தது. கண்ணியமாக இறப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று 2018இல் அரசியல் சாசன அமர்வு கூறியது. தீர்ப்புகளும் செய்தித்தாள்களும் இதைச் ‘செயலற்ற கருணைக்கொலை’ என்ற வகையிலேயே பேசின. அந்தப் பெயரைக் கைவிட வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018இலேயே பரிந்துரைத்தது. ‘உயிர்காப்புச் சிகிச்சையை விலக்குதல்’ என்று சொன்னால் செய்வது எதுவோ அது மட்டுமே விளங்கும். பெரியம்மாவின் கேள்விக்கும் இடம் இராது.

இரண்டாவது செயலுக்கு ‘மருத்துவர் துணையுடன் இறத்தல்’ பொருந்தும். இதன் அறம் குறித்து எனக்குத் தயக்கம் உண்டு. நிலத்தை விற்று மருத்துவம் பார்க்கும் வீட்டில், ‘உங்களுக்குப் பாரமா இருக்கேன், என்னை விட்டுடுங்க’ என்று முதியவர் சொன்னால், அது அவருடைய விருப்பமா, கடனின் குரலா என்று எந்த மருத்துவர் பிரித்தறிவார்? வலிதணிப்புச் சிகிச்சை ஊர்தோறும் கிடைக்காத நிலையில் சாவைத் தெரிவு என்பது நேர்மையாகாது. ஆயினும், எந்த மருந்துக்கும் அடங்காத வலியில் தெளிந்த அறிவோடு கேட்பவருக்கு என்ன விடை சொல்வது என்பது என்னை விடாமல் உறுத்துகிறது. நெதர்லாந்து முறை போன்ற முதல் செயலை மட்டும் வேண்டுமானால் ‘கருணைக்கொலை’ என்று அழைக்கலாம். முதியவர்களை வீட்டாரே சாகவைப்பதாக விருதுநகர், மதுரைப் பக்கம் பேசப்படும் ‘தலைக்கூத்தல்’ இந்த மூன்றிலும் சேராது. முதியவரின் சம்மதத்தைக் கேளாமல் செய்வது கொலைதான்.

தன்னால் சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் ‘லிவிங் வில்’ என்பதை ‘வாழும் உயில்’ என்று எழுதுகிறார்கள். ‘உயில்’ என்பதே ஆங்கில ‘வில்’தான், அத்துடன் சொத்து நினைவையும் கொண்டுவருகிறது. ‘முன்விருப்ப ஆவணம்’ என்றால் போதும். 2023இல் உச்ச நீதிமன்றம் எளிதாக்கிய விதிப்படி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்று பெற்றால் அது செல்லும். பெரியப்பா அப்படி ஒன்று எழுதியிருந்தால், மருத்துவரின் கேள்விக்கு அன்று அவரே விடை சொல்லியிருப்பார்.