ஆச்சியின் மசேரி டப்பா

தாராவி தொண்ணூறடி சாலையை ஒட்டிய சந்தில், எங்கள் வீட்டு மோரிக்கு, அதாவது கழுவுமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பவுடர் டப்பா இருக்கும். உள்ளே மசேரி. புகையிலையைச் சட்டியில் கருக வறுத்துப் பொடித்த பல்பொடி. திருநெல்வேலியில் உமிக்கரி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த ஆச்சிக்கு, பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா பழக்கிவிட்டது. காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், சும்மா இருக்கையில் இன்னொருதரம். ஆள்காட்டி விரல் நுனி எப்போதும் கறுத்தே கிடக்கும். "ஈறுல ஒரு சொட்டு ரத்தம் வந்ததுண்டா எனக்கு?" என்று பெருமையாகக் கேட்பாள்.

வராததுதான் கோளாறு. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ஈறு கெட்டுக் கிடந்தாலும் கசிவு வெளியே தெரியாது. 65 வயதில் கடைவாய்ப் பற்கள் ஆட ஆரம்பித்தன. 70 தாண்டியதும் மறதி வந்தது.

பல்லில் தினமும் படியும் வழவழப்பை நாம் சோற்று மிச்சம் என்று நினைக்கிறோம். அது பாக்டீரியாக்கள் பசை சுரந்து கட்டிக்கொண்ட குடியிருப்பு. துடைக்காமல் விட்டால் எச்சிலில் இருக்கும் கால்சியம் ஏறிக் காரையாக இறுகும். 1965-இல் டென்மார்க்கில் ஹரால்டு லோ என்ற பல் ஆய்வாளர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கியதும் அடங்கிவிட்டது. அதோடு நின்றால் பிழைத்தோம். வருடக்கணக்கில் விட்டால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை மாதிரி தொங்கும், அடியில் எலும்பு கரையும். கரைந்த எலும்பு துலக்கித் திரும்பாது.

அந்தப் பைகளின் உட்சுவர் முழுக்கப் புண். வாயிலுள்ள எல்லாவற்றையும் விரித்து வைத்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தீப்பெட்டியின் மேல்பக்கம் அளவு. ஒவ்வொரு கவளத்தை மெல்லும்போதும் அங்கிருந்து கொஞ்சம் பாக்டீரியா ரத்தத்தில் கலக்கும். உடம்பு அதைச் சீக்கிரமே பிடித்துவிடும். ஆனால் ஓயாத சண்டையில் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் ரத்தத்திலேயே சுற்றும். மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே செல்கள் நெருக்கிக் கோத்த வேலி ஒன்று உண்டு. நாள்பட்ட அழற்சி அந்த வேலியைத் தளர்த்தும். உள்ளே துப்புரவும் காவலும் பார்ப்பவை மைக்ரோக்ளியா செல்கள். அவை எந்நேரமும் உசுப்பப்பட்டுக் கிடந்தால், குப்பையோடு சேர்த்து நல்ல நரம்பிணைப்புகளையும் விழுங்க ஆரம்பிக்கும்.

2019-இல் ஒரு செய்தி உலகைச் சுற்றியது. அல்சைமர் என்ற மறதி நோயால் இறந்தவர்களின் மூளைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், ஈறைக் கெடுக்கும் போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் பாக்டீரியாவின் நொதிகள் தென்பட்டன. எலிகளின் வாயில் அதே கிருமியைத் தடவியபோது அது மூளை வரை போனது. அல்சைமரில் குவியும் அமிலாய்டு புரதமும் கூடியது. அமிலாய்டே கிருமியைச் சிக்கவைக்க மூளை பின்னும் வலையாக இருக்கலாம் என்று சொல்பவர்களுக்கு இது அவல் கிடைத்த மாதிரி.

பிறகு நடந்ததைத்தான் யாரும் வாட்சப்பில் அனுப்புவதில்லை. அந்த நொதியை முடக்கும் மாத்திரையை 643 நோயாளிகளிடம் 48 வாரம் சோதித்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் நினைவுச் சரிவு மட்டுப்படவில்லை. தாமதமாகக் கொடுத்ததாலா, கிருமி வெறும் உடனிருந்த சாட்சிதானா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

எனக்குக் குடைச்சல் தருவது வேறொன்று. ஆச்சி ஈறு கெட்டதால் மறந்தாளா, மறந்ததால் துலக்கவில்லையா? கடைசி வருடங்களில் கேட்டால், "அப்பமே தேச்சாச்சுல்லா" என்பாள். விரல் வெள்ளையாக இருக்கும். அவள் மசேரி டப்பாவைத் தேடாத அன்றுதான் அம்மா முதலில் பயந்தாள். மூளை மாற்றங்கள் மறதி தெரிவதற்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிடுவதால், எது முந்தி என்று ஆய்வாளர்களுக்கும் பிரிப்பது கஷ்டம். போதாததற்கு ஆச்சிக்குச் சர்க்கரை வேறு. சர்க்கரையும் புகையிலையும் ஈறையும் கெடுக்கும், மூளையையும் கெடுக்கும்.

பல் போனால் மூளை பாதிக்கப்பட இன்னொரு வழி, மெல்லுதல் குறைவது. 2021-இல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 34,000 பேர். அதிகப் பற்களை இழந்தவர்களுக்கு மறதி நோய் வாய்ப்பு 1.28 மடங்கு. ஆனால் பல்செட் போட்டவர்களிடம் அந்தக் கூடுதல் தெளிவாகத் தெரியவில்லை. வசதியுள்ளவர்கள்தான் பல்செட் போடுகிறார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம். நன்றாக மென்று சத்தாகச் சாப்பிடுவதும் இருக்கலாம். ஆச்சி போடவில்லை. முதலில் முறுக்கை விட்டாள், பிறகு கடலை, பிறகு கறி. கடைசியில் மூன்று வேளையும் டீயில் முக்கிய பாவ் ரொட்டிதான்.

போன மாதம் அம்மாவுக்கு ஸ்கேலிங் செய்ய, அதாவது பல்லில் இறுகிய காரையைச் சுரண்டி எடுக்கக் கூட்டிப்போனேன். முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்து, "பல்லை அரத்தால ராவிட்டான், சந்து விழுந்துட்டு" என்று சண்டைக்கு வந்தாள். ஈறு இறங்கி விழுந்த சந்தை இத்தனை நாள் காரை அடைத்திருந்தது, அவ்வளவுதான். முதல் வாரம் துலக்கினால் பிரஷ்ஷில் ரத்தம். விடாமல் துலக்கச் சொன்னேன், முணுமுணுத்தபடி துலக்கினாள். மூன்றாவது வாரம் மோரியில் எச்சில் வெள்ளையாக விழுந்தது.

"மசேரி போடாமலே நின்னுட்டே" என்றாள்.