உலக வங்கிப் பணமும் ஜப்பான் பணமும்: எல்லையோர ஊர்களில் வெளிநாட்டு உதவித் திட்டம் நடக்கும் விதம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையையொட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலும், வடக்கே ஆனைகட்டியைத் தாண்டி அகளி வரையிலும் தமிழ் பேசும் ஊர்களில் ஒரு தண்ணீர்த் தொட்டியையோ தடுப்பணையையோ காட்டி இது யார் கட்டியது என்று கேட்டால், “உலக வங்கி குடுத்த பணம்”, “ஜப்பான்காரன் குடுத்த பணம்” என்றே பதில் வரும். இதில் ‘குடுத்த’ என்ற சொல்லைத்தான் முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பணத்தில் பெரும்பகுதி அரசு வாங்கிய கடன். வட்டியோடு அதைத் திருப்பிக் கட்டுவது நம் வரிப்பணம். இதை அறியாததால்தான், ஓசியில் வந்ததற்குக் கணக்குக் கேட்கலாமா என்று பலரும் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

அரசியலமைப்பின் 293ஆவது பிரிவின்படி ஒரு மாநில அரசு இந்தியாவுக்குள் மட்டுமே கடன் வாங்க முடியும். ஆகவே உலக வங்கியோ ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான ஜைக்காவோ கேரளத்துக்குப் பணம் தர விரும்பினாலும், கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது ஒன்றிய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறையே. திட்டத்தை நடத்தித் தருவதாக மாநிலம் தனியே ஒப்பந்தம் செய்துகொள்ளும். 2005 மார்ச் வரை, இப்படி வந்த தொகையை ஒன்றிய அரசு கேரளம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு 70 விழுக்காடு கடனாகவும் 30 விழுக்காடு மானியமாகவும் பிரித்துக் கொடுத்தது. ரூபாயின் மதிப்பு சரிந்தால் ஏற்படும் நட்டத்தையும் அதுவே ஏற்றது. ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான நிதிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுவின் பன்னிரண்டாவது குழு சொன்னபடி 2005 ஏப்ரல் முதல் இது மாறியது. வெளிநாட்டில் எந்த நிபந்தனையில் கடன் வாங்கப்பட்டதோ அதே வட்டி, அதே தவணை அப்படியே மாநிலத்தின் மேல் இறங்குகிறது. டாலர் ஏறினால் அந்தச் சுமையும் மாநிலத்தினுடையதே.

பணம் மொத்தமாக முன்கூட்டி வந்து சேர்வதும் அரிது. பெரும்பாலான திட்டங்களில் மாநிலம் முதலில் செலவு செய்து, அந்தக் கணக்கை டெல்லியிலுள்ள உதவிக் கணக்கு மற்றும் தணிக்கைக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தின் வழியே அனுப்பிய பிறகே, கடன் கொடுத்தவர் அந்தத் தொகையை விடுவிக்கிறார். பில் இல்லாத செலவு திரும்பி வராது. ஒரு குழாய் முழங்கைக்குக்கூட ரசீது கேட்டு, குழி தோண்டும் முன்பும் பின்பும் படம் எடுத்து அதிகாரிகள் நம்மை அலைக்கழிப்பதன் காரணம் இதுவே. தாமதத்துக்கும் விலை உண்டு. கையெழுத்தாகி எடுக்கப்படாமல் கிடக்கும் தொகைக்கு உலக வங்கி தனியே ஒரு கட்டணம் வசூலிக்கிறது. நிலம் கிடைக்கவில்லை, டெண்டர் முடியவில்லை என்று கோப்பு தூங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அது ஏறிக்கொண்டே போகும்.

இனி, இந்தப் பணம் ஊருக்குள் வந்து என்ன செய்கிறது என்பதைப் பார்க்கலாம். உலக வங்கிக் கடனில் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஜலநிதி குடிநீர்த் திட்டம் முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் பாலக்காடும் ஒன்று. அதன் விதி எளிமையானது. தண்ணீர் வேண்டும் வீடுகள் சேர்ந்து ஒரு பயனாளிக் குழுவைப் பதிவு செய்ய வேண்டும். கட்டுமானச் செலவில் ஒரு பங்கைக் குழுவும் ஒரு பங்கைப் பஞ்சாயத்தும் போட, மீதியைத் திட்டம் தரும். கட்டி முடித்த பிறகு கரண்ட் பில், ஆபரேட்டர் சம்பளம், பழுதுச் செலவு எல்லாம் குழுவின் பொறுப்பு. குழுவே பொருள் வாங்கி வேலையை நடத்தியதால், குழாய் விற்ற கடைக்காரரும் தொட்டி கட்டிய கொத்தனாரும் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்களாகவே இருந்தார்கள்.

இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் எங்கள் தெருவில் ஒரு சித்திரை மாதத்தில் தெரிந்தது. மோட்டார் எரிந்துவிட்டது. பொருளாளர் அக்கா நீல அட்டை போட்ட நோட்டைத் திண்ணையில் விரித்து, யார் எத்தனை மாதம் பாக்கி என்று பெயர் பெயராக வாசித்தார். பாக்கி வைத்திருந்தவர்களில் வார்டு மெம்பரும் இருந்தார். அன்று மாலைக்குள் பாதிப் பாக்கி வசூலாகி, மூன்றாம் நாள் மோட்டார் ரீவைண்டிங் ஆகி வந்து இறங்கியது. நோட்டு ஒழுங்காக எழுதப்படாத வேறொரு தெருவில் தொட்டி இன்றும் நிற்கிறது, தண்ணீர்தான் இல்லை. நிலத்தடி நீர் கீழே போய்க்கொண்டிருக்கும் நம் பகுதியில் நோட்டு மட்டும் கிணற்றை நிரப்பிவிடாது என்பதும் உண்மையே. அதைத் திட்டம் எழுதியவர்கள் போதிய அளவு யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அகளியை உள்ளடக்கிய பழங்குடி மலைப்பகுதியான அட்டப்பாடியின் கதை இன்னும் பெரியது. மழை மறைவில் கிடக்கும் அதன் கிழக்குப் பகுதியில் காடு அழிந்து மண் கரைந்து போன மலைச்சரிவுகளை மீட்பதற்காக 1996இல் ஜப்பான் யென் கடன் கிடைத்தது. ஏறத்தாழ 219 கோடி ரூபாய்த் திட்டம். அகளியை மையமாகக் கொண்ட அகாட்ஸ் (அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம்) என்ற அரசு அமைப்பு அதை 2010 வரை நடத்தியது. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரின் ஊர்களில் அமைந்த ஊர் வளர்ச்சிச் சமிதிகள் நாற்றங்கால் போட்டன, தடுப்பணை கட்டின, வீடுகளையும் தாங்களே முன்னின்று கட்டின. தமிழ்நாட்டு எல்லையில் ஓடும் கொடுங்கரைப்பள்ளத்தில் மீண்டும் நீரோட்டம் வந்ததை இரு பக்கத்துக்காரர்களும் பார்த்தார்கள். ஆனால் கடன் காலம் முடிந்ததும் அமைப்பும் படிப்படியாக முடங்கியது; அதை நம்பியிருந்த களப்பணியாளர்கள் வேலை இழந்தார்கள்; நட்ட மரங்களையும் தடுப்பணைகளையும் இனி யார் பராமரிப்பது என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் இருந்த பதில் போதவில்லை. ஆகவே எந்தத் திட்டத்தின் தொடக்கக் கூட்டத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, கடைசி ஆண்டுக்கு அடுத்த ஆண்டு இதைப் பார்த்துக்கொள்ளப்போவது யார் என்பதைத்தான்.

கடனாக அல்லாமல் இனாமாகவே வெளிநாட்டுப் பணம் வரலாகாதா என்ற கேள்வி 2018 வெள்ளத்தின்போது கேரளம் முழுவதும் எழுந்தது. வெளிநாட்டு அரசுகளின் நிவாரண நன்கொடையை ஏற்பதில்லை என்பது ஒன்றிய அரசின் நடைமுறைக் கொள்கை. வெளிநாடுவாழ் இந்தியர்களும் அறக்கட்டளைகளும் முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு அனுப்பலாம் என்று அப்போது விளக்கம் தரப்பட்டது. மறு ஆண்டு, மறுகட்டமைப்புக்காக உலக வங்கியிடமிருந்து 25 கோடி டாலர் கடன் வந்தது. நன்கொடைக்குச் சாத்திய கதவு கடனுக்குத் திறந்தது என்று எங்கள் டீக்கடையில் பேசிக்கொண்டதில் தவறொன்றும் இல்லை.

தொண்டு நிறுவனங்கள் வழியாக வரும் நன்கொடைக்கு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். 2020 திருத்தத்துக்குப் பின், அந்தப் பணம் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து சேர வேண்டும்; நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; பெற்ற பணத்தை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரவும் கூடாது. பெரிய நிறுவனம் ஒன்றின் வழியே உதவி பெற்றுவந்த சிற்றூர்ச் சங்கங்கள் இந்தக் கடைசி விதியால் நேரடியாக அடிபட்டன.

இப்போது விவசாயிகள் கவனிக்க வேண்டியது, 2024இல் உலக வங்கி 20 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்த கேரா என்ற வேளாண் திட்டம். காப்பி, ஏலக்காய், ரப்பர் மறுநடவும், விளைபொருளைப் பதப்படுத்தி விற்கும் சிறுதொழில்களும் அதில் அடங்கும்; இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலை, பீர்மேடு பக்கத்துத் தமிழ் ஏலக்காய் விவசாயிகள் கிருஷி பவன் என்ற உள்ளூர் வேளாண் அலுவலகத்தில் விசாரித்து வைப்பது நல்லது. இத்தகைய திட்டங்கள் தனியாளைவிடக் குழுக்களையும் உற்பத்தியாளர் கம்பெனிகளையும் நாடுவதே வழக்கம்.

நமக்குள்ள உரிமைகளுக்கு வருவோம். உலக வங்கித் திட்டம் எதுவாயினும் குறை கேட்கும் அமைப்பு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். திட்டத்தின் முழு மதிப்பீட்டு ஆவணம் பொதுவில் வெளியிடப்படுகிறது. திட்டத்தால் பாதிக்கப்பட்டவர்கள் இருவரோ அதற்கு மேலோ சேர்ந்து, 1993இல் ஏற்பட்ட உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் நேரடியாக முறையிடலாம். உள்ளூர்க் கணக்கைப் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே போதும்: கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதுவும் இல்லை, பதில் 30 நாளில். திட்டத்தின் நிலை என்ன என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகல், வேலையாட்களின் வருகைப் பதிவான மஸ்டர் ரோல் நகல், ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த கடைசி பில்லின் நகல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்த மனுவை மட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிவிட்டால் மொழியைக் காட்டித் திருப்பி அனுப்ப இடமிருக்காது. மற்றக் குறை மனுக்களைத் தயங்காமல் தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்கள், கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ் மனுவுக்குத் தமிழிலேயே பதில் அனுப்ப வேண்டும்; மலையாளத்தில் பதில் வந்தால் அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு மறுபடியும் ஒரு மனு எழுதிப் போடுங்கள்.